சுற்றறிக்கை ஒன்று, சுபாவம் பல



அரசாங்கம் ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தால் நமது சங்கங்கள் வழக்கமாகச் செய்கிற காரியங்கள் மூன்று. முதலில் ஒரு கண்டன அறிக்கை. அடுத்து வரி ஆலோசகரை அழைத்து ஒரு விளக்கக் கூட்டம். அதன்பின் உறுப்பினர் அனைவருக்கும் ஒரே மாதிரியான சுற்றறிக்கை. மூன்றும் தேவையானவைதான். குறை சொல்ல வரவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளாக வரதராஜன்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்து, சுற்றுவட்டாரச் சில்லறைக் கடைக்காரர்களின் முகங்களைத் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். சுற்றறிக்கை எல்லோருக்கும் ஒன்றாகத்தான் போகிறது. அதைப் படிக்கிற மனங்கள் ஒன்றாக இல்லை. இந்த வித்தியாசத்தை நாம் கணக்கில் சேர்க்காததால், சட்டம் மூடாத கடையைச் சில சமயம் பயம் மூடிவிடுகிறது.

எத்தனை மாற்றங்கள்!

நம்மில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் சற்றே எண்ணிப் பாருங்கள். 1959-ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டத்தில் பழகியிருந்த நமக்கு 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மூச்சு விடுவதற்குள் 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஜூன் 2 முதல் மாநிலத்துக்குள் சரக்கு அனுப்பவும் ஈ-வே பில். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத வரி. உடனே சந்தையில் 26 கிலோ மூட்டை வந்ததையும் பார்த்தோம். 2025 செப்டம்பர் 22-ல் வரி விகிதங்களை மறுபடி மாற்றி, சோப்பு, ஷாம்பு, பற்பசை முதலியவற்றை 18-லிருந்து 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். இதற்கு நடுவே கல்லாப்பெட்டிக்கு முன்னால் கட்டம் கட்டமாகப் போட்ட கியூ.ஆர். அட்டையும் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனையையும் ஒரே தலைமுறை வியாபாரிதான் தாங்கியிருக்கிறார்.

இவை போதாதென்று எங்கள் பகுதிக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. திருச்சி மாவட்டத்தில் இருந்தோம். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் ஆனோம். 2001-ல் அரியலூர் மாவட்டம். 2002-ல் மறுபடி பெரம்பலூர். 2007-ல் திரும்பவும் அரியலூர். கடை ரப்பர் ஸ்டாம்பையும் பில் புத்தகத்தையும் நான்கு தடவை மாற்றினோம். அதற்காக யாரும் தூக்கம் கெட்டதாக எனக்கு நினைவில்லை. ஏன்? மாறியது விலாசம் மட்டும். நம் கை பழகிய வேலை மாறவில்லை. வேலை மாறும்போதுதான் மனம் ஆடுகிறது. அதுவும் ஒவ்வொருவர் மனமும் ஒவ்வொரு விதமாக ஆடுகிறது.

ஒரே ஜூலை, நான்கு கடைகள்

2017 ஜூலையை எடுத்துக்கொள்வோம். என்னிடம் சரக்கு எடுக்கும் நால்வரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம்.

முதலாமவருக்கு ஒரே உற்சாகம். ஜூலை பிறக்கும் முன்பே கம்ப்யூட்டர் வாங்கி, பில் அடிக்கும் இயந்திரம் வாங்கி, பழைய சிட்டைகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார். இரண்டாமவருக்குக் கோபம். "இருபது வருஷமா நான் எழுதுற நோட்டுல என்ன தப்பைக் கண்டாங்க?" என்று என் கடையில் வந்து சத்தம் போட்டார். சட்டம் போட்டவர் அங்கே இல்லை, நான் இருந்தேன். ஆகவே நான் கேட்டுக்கொண்டேன். மூன்றாமவர் கோபப்படவும் இல்லை, சந்தோஷப்படவும் இல்லை. "அண்ணே, ஒரு மாதிரி பில் எழுதிக் கொடுங்க, அதைப் பார்த்து எழுதிப் பழகுறேன்" என்று கேட்டு வாங்கிப் போனார். அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. ஆனால் அதன்பின் ஒரு பில்லிலும் பிசகு இல்லை.

நான்காமவர் ஒன்றுமே பேசவில்லை. சிறிய கடை. நாளொன்றுக்கு 4,000 ரூபாய் வியாபாரம். வருடம் முழுவதும் விடுமுறையே இல்லாமல் கடை திறந்தாலும் 14,60,000 ரூபாய்தான் வரும். அப்போது பதிவு செய்ய வேண்டிய வரம்பு 20 லட்சம். அவர் பதிவே செய்ய வேண்டியதில்லை. இதை நான் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டுக்கொண்டார், தலையாட்டினார். பிறகு, "சரிங்க அண்ணே, ஆனா நாளைக்கு யாராவது வந்து கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். ஆகஸ்டில் எண்ணெய் டின் எடுப்பதைக் குறைத்தார். அடுத்துப் பருப்பு. தீபாவளிக்குள் தட்டுகளையும் தராசையும் விற்றுவிட்டு, மகன் வீட்டோடு போய்விட்டார்.

அவரை ஜி.எஸ்.டி. தொடவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவருக்குச் சட்டம் தெரியாமலும் இல்லை, எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமலும் இல்லை. சொன்ன கணக்கு மூளைக்குப் போயிற்று. பயம் இருந்த இடத்துக்குப் போகவில்லை. "யாராவது வந்து கேட்டால்" என்ற அந்தக் கேள்விக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பதில் அச்சடிக்க முடியாது. "நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று ஓர் ஆள் சொல்வதுதான் அதற்குப் பதில்.

படித்தவர்கள் சொல்வது

என் இளைய மகன் எம்.பி.ஏ. படித்தவன். இந்த விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தபோது அவனுடைய பாடத்தில் வந்த ஒரு ஆய்வைச் சொன்னான். ஷால் ஒரெக் என்ற இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர், மாற்றம் வரும்போது மனிதர்கள் ஏன் முரண்டு பிடிக்கிறார்கள் என்பதை அளந்து பார்க்கக் கேள்விப் பட்டியல் ஒன்று தயாரித்து 2003-ல் வெளியிட்டாராம். அவர் நான்கு குணங்களைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, பழகிய வழக்கத்தை விட மனமில்லாமை. இரண்டு, மாற்றம் என்ற பேச்சு வந்தவுடனே மனம் பதறுவது. மூன்று, இன்றைய தொந்தரவு பெரிதாகவும் நாளைய நன்மை சிறிதாகவும் தெரிவது. நான்கு, ஒரு தடவை ஒரு கருத்தைப் பிடித்தால் பிறகு அதை விடாமை.

இந்த நான்கும் நம் எல்லோரிடமும் இருக்கின்றன. அளவுதான் ஆளுக்கு ஆள் வேறு. மாதிரி பில் கேட்டவரிடம் முதல் குணம் தூக்கல். கடையை மூடியவரிடம் இரண்டாவது. என் கடையில் வந்து சத்தம் போட்டவரிடம் நான்காவது. ஐந்து விரலும் ஒன்றாக இருக்குமா என்று நம் பெரியவர்கள் கேட்டதும் இதைத்தான்.

அதே ஆராய்ச்சியாளர் 2006-ல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பிறவிக் குணம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்றும், மாற்றத்தைக் கொண்டுவருபவர் மீது எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதும் முக்கியம் என்றும் கண்டாராம். நமக்கு வேண்டிய பாடம் இங்கேதான் இருக்கிறது. ஒருவருடைய சுபாவத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் அவர் நம்புகிற ஒருவரை அவர் பக்கத்தில் உட்கார வைக்க முடியும்.

கண்ணால் கண்ட உதாரணம் ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஓர் அம்மா தனியாகக் கடை நடத்துகிறார். முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள்தான் அவருக்கு வாடிக்கை. வாடிக்கைக்காரர்களின் பிள்ளைகள் செல்போனில் பணம் அனுப்புகிறோம் என்று கேட்க ஆரம்பித்தபோது, "கண்ணுக்குத் தெரியாத காசு எனக்கு வேணாம்" என்று திருப்பி அனுப்பினார். வியாபாரம் குறைந்தது. எதிர்க்கடைக்காரர் அவருக்குத் தம்பி முறை. ஒரு வாரம் சாயங்காலம் தோறும் வந்து உட்கார்ந்து, தன் போனிலிருந்து பத்துப் பத்து ரூபாயாக அனுப்பினார். ஒவ்வொரு தடவையும், "அக்கா, உங்க போனைப் பாருங்க, வந்திருச்சா?" என்று கேட்டார். மறுநாள் வங்கிப் புத்தகத்தில் பதிந்து கொண்டுவந்து காட்டினார். எட்டாம் நாள் அந்த அம்மாவே கியூ.ஆர். அட்டையைத் துடைத்து வெளியே வைத்தார். பிரசங்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு வாரமும் ஒரு நம்பிக்கையான ஆளும் போதுமாக இருந்தது.

பதறுகிறவர் மட்டம் அல்ல

நம்மிடையே ஒரு தவறான மதிப்பீடு இருக்கிறது. புதியதை உடனே பிடித்துக்கொள்பவர் கெட்டிக்காரர், தயங்குபவர் மந்தம் என்று பேசிவிடுகிறோம். அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

செல்போனில் பணம் வாங்கும் பழக்கம் பரவியபோது, பணம் அனுப்பியது போல் போலியான படத்தைக் காட்டிச் சரக்கு வாங்கிப் போகும் மோசடியும் கூடவே வந்தது. இதில் ஏமாந்தவர்களில் பலர் அவசரக்காரர்கள். வாடிக்கைக்காரர் போனைத் தூக்கிக் காட்டினால் போதும், "சரி சரி, போங்க" என்று விட்டுவிடுவார்கள். வழக்கத்தை விடாத நம் பழைய ஆள் அப்படி விடமாட்டார். ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்கிப் பழகிய கை அவருடையது. தன் போனில் சத்தம் கேட்கும்வரை பொட்டலத்தை நகர்த்தமாட்டார். அந்தச் சந்தேக குணமே அவருக்குக் காவல்.

2019-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோதும் அப்படித்தான். இளைஞர்கள் கை பிசைந்து நின்றார்கள். காகிதத்தைக் கூம்பாக மடித்து, நூல் சுற்றி, ஒரு நொடியில் பொட்டலம் கட்டத் தெரிந்த பெரியவர்களுக்கு அது ஒரு மாற்றமாகவே தெரியவில்லை. பழைய நாள் திரும்பி வந்தது போல உற்சாகமாக இருந்தார்கள். ஆகவே ஒரு மாற்றத்தில் பின்தங்குகிறவர் எல்லா மாற்றத்திலும் பின்தங்குவார் என்று முத்திரை குத்த வேண்டாம்.

கடைக்கு உள்ளேயும் பாருங்கள்

இது முதலாளிகளின் சங்கதி மட்டுமல்ல. நம் கடைகளில் கணக்குப்பிள்ளையாக இருந்த பெரியவர்கள் நீள நீளமான கூட்டல்களைப் பார்வையாலேயே முடிப்பார்கள். கம்ப்யூட்டர் வந்து மேஜையில் உட்கார்ந்ததும் அவர்களில் பலர் வாடிப்போனார்கள். கற்றுக்கொள்ள முடியாமல் வாடவில்லை. தன் கையில் இருந்த வித்தைக்கு மதிப்புப் போயிற்றே என்றுதான் வாடினார்கள். அப்படிப்பட்டவருக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு மருந்தாகாது. "நீங்கள்தான் இதைச் சரிபார்க்க வேண்டும். மாதக் கடைசியில் கிடங்குச் சரக்கையும் இந்தக் கணக்கையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்" என்று ஒரு பொறுப்பைக் கொடுங்கள். கிடங்கில் எந்த மூட்டை எந்த மூலையில் ஈரம் பட்டுக் கிடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது.

தந்தையும் மகனும் சேர்ந்து நடத்தும் கடைகளில் இந்த உரசல் இன்னும் அதிகம். மகன் வேகம், தந்தை நிதானம். "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்று வாடிக்கைக்காரர் முன்னால் மகன் சொல்லும் ஒரு வார்த்தை, ஜி.எஸ்.டி.யைக் காட்டிலும் அதிகமாகச் சுடுகிறது. இளைய வணிகர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அவகாசமும் ஒரு மருந்து

1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. ஓர் அணாவுக்குக் கணக்குப்படி ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? சில்லறை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் தகராறு. அடுத்து 1958 அக்டோபரில் மெட்ரிக் எடை வரத் தொடங்கியது. வீசை, பலம், சேர் என்று கை பழகிய ஒரு தலைமுறை கிலோவுக்கு மாற வேண்டியிருந்தது. ஒரு வீசை ஏறக்குறைய 1,400 கிராம். என் தகப்பனார் இந்தக் கணக்கை அட்டையில் எழுதித் தராசுக் கம்பத்தில் கட்டி வைத்திருந்ததாகச் சொல்வார். ஆனால் அந்த மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. சில ஆண்டுகள் அவகாசம் கொடுத்துப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். முந்துகிறவர் முந்தினார். நிதானக்காரர் அடுத்த கடையைப் பார்த்து மெல்ல மாறினார். இன்று வீசைக் கணக்கு கேட்பார் யாருமில்லை.

2016 நவம்பர் 8-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவு முதல் செல்லாது. நான்கு மணி நேரம். உற்சாகக்காரர், நிதானக்காரர், பயந்தவர் எல்லோரும் அந்த நான்கு மணி நேரத்தில் ஒன்றாகிவிட்டார்கள். யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவகாசம் இருந்தால்தான் அவரவர் சுபாவத்துக்கு ஏற்ற வழியை அவரவர் தேடிக்கொள்ள முடியும். எனவே சட்டத்தை எதிர்த்து நாம் மனுக் கொடுக்கும்போது, வரியைக் குறையுங்கள் என்று கேட்பதோடு, நாளைக் கூட்டுங்கள் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

கோபமெல்லாம் சுபாவம் அல்ல

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். "எல்லாம் மனசுதான் காரணம்" என்று சொல்லி, வியாபாரியின் நியாயமான குறையை யாரும் தள்ளிவிடக் கூடாது. ஜி.எஸ்.டி. வந்தபோது எதிர்த்தவர்களில் முரட்டுப் பிடிவாதக்காரரும் இருந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்து எதிர்த்தவர்களும் இருந்தார்கள். சிறு வணிகர்களின் முறையீடு நாடெங்கும் எழுந்தது. இணக்க வரித் திட்டத்தின் வரம்பு 75 லட்சத்திலிருந்து 2017 அக்டோபரில் ஒரு கோடியாகவும், 2019 ஏப்ரலில் ஒன்றரைக் கோடியாகவும் உயர்ந்தது. சரக்கு விற்பவர்களுக்குப் பதிவு வரம்பும் 20 லட்சத்திலிருந்து 40 லட்சமாயிற்று. எதிர்ப்புக் குரலே எழாதிருந்தால் இவை இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா? கோபக்காரரும் சங்கத்துக்கு வேண்டும். அவருடைய கோபத்தைக் காகிதத்தில் கணக்காக எழுதத் தெரிந்த நிதானக்காரரும் வேண்டும். இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பது நிர்வாகிகளின் சாமர்த்தியம்.

"இத்தனை பேருடைய சுபாவத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் சங்க வேலை நடக்குமா?" என்று சிலர் கேட்கலாம். நம் வாடிக்கைக்காரர்களிடம் நாம் இதைத்தானே தினமும் செய்கிறோம்? கடன் கேட்க வெட்கப்படுகிறவருக்கு நாமே, "எடுத்துட்டுப் போங்க, முந்திரி வந்ததும் பார்த்துக்கலாம்" என்கிறோம். சண்டைக்காரரிடம் விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆளைப் பார்த்துப் பேசத் தெரியாதவர் கடையே நடத்த முடியாது. அந்தத் திறமையை நம் சக வியாபாரியிடமும் காட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நாம் செய்யக் கூடியவை

செலவில்லாத மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, தெருவுக்கு ஒரு துணை வணிகர். நன்றாக மேடையில் பேசுகிறவரை அதற்குப் போட வேண்டாம். அந்தத் தெருவில் கைமாற்று கேட்க நான்கு பேர் யாரிடம் போகிறார்களோ, அவரைப் போடுங்கள். நம்பிக்கை அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, விளக்கக் கூட்டம் முடிந்த பத்து நாளுக்குள், அந்தக் கூட்டத்தில் வாயே திறக்காதவர்களின் கடைக்கு அந்தத் துணை வணிகர் ஒரு நடை போய்வர வேண்டும். சத்தம் போடுகிறவரைப் பற்றிக் கவலை இல்லை, அவர் குறை நமக்குத் தெரிந்துவிடும். சத்தம் போடாமல் கொள்முதலைக் குறைக்கிறவர்தான் கவலைக்குரியவர். இதில் மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. வாரம் இரண்டு டின் எடுத்தவர் ஒரு டின் எடுத்தால் முதலில் தெரிவது எங்கள் பேரேட்டில்தான். அதை உடனே தெருத் துணைவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, சுற்றறிக்கையை அச்சுக்கு அனுப்பும் முன், நம்மில் மிகவும் சந்தேகப் பிராணி யாரோ அவரிடம் ஒரு பிரதியைக் கொடுங்கள். அவர் கேட்கிற கேள்விகளையும், பதிலையும் அதே சுற்றறிக்கையின் பின்பக்கம் அச்சிடுங்கள். மற்றவர்கள் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளாக அவை இருக்கும்.

ஒரு சிறு கடை மூடினால் இழப்பு அந்தக் கடைக்காரருக்கு மட்டுமல்ல. பத்து ரூபாய்க்கு எண்ணெயும் ஐந்து ரூபாய்க்குச் சீரகமும் வாங்குகிற, முந்திரி விலை சரிந்த வருடத்திலும் பற்று எழுதி அடுப்பெரித்த குடும்பங்களுக்கு அதனால் கதவு ஒன்று சாத்தப்படுகிறது. பெரிய அங்காடிகள் அந்தப் பற்றை எழுதப் போவதில்லை. வரிகளும் விதிகளும் இனியும் மாறிக்கொண்டேதான் இருக்கும். அடுத்த மாற்றத்தின்போது நம் பகுதியில் ஒரு கடைகூட வெறும் பயத்தால் மூடக் கூடாது. இந்த மூன்று யோசனைகளையும் வரும் பொதுக்குழுவில் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருவுக்கு ஆள் தேட வேண்டாம், அந்த வேலைக்கு நான் என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.